ஸ்கீ வார் ஒருவழியாக உட்கார்ந்துவிட்டது

மூன்று வாரமாக இழுத்த வேலை நேற்று ராத்திரி முடிந்தது. 1:35 அளவில் செய்துகொண்டிருக்கும் ராட்டே சாலைப் போர் மாடல் காட்சியில் (1940 ஜனவரி, ஃபின்லாந்தின் சுவோமுஸ்சால்மி பக்கம், சோவியத் படையோடு நடந்த குளிர்காலப் போர்) முதல் ஃபின்லாந்து வீரர் ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) மேல் சரியாக நிற்கிறார்.

சரியாக என்றால், குதிகால் கட்டப்படாமல். மாடல் கிட்டில் வந்த ஸ்கீயில் குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் கட்டு இருந்தது. அது இந்தக் காட்சிக்கு ஒத்தே வராது. ஃபின்லாந்து வீரர்களிடம் இருந்தது ஒரே ஒரு கால்விரல் வார். பூட்ஸின் மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும். உள்ளே நுழைத்தால் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும், காலைப் பின்னால் இழுத்தால் கழன்றுவிடும். குனிய வேண்டாம், கையுறையைக் கழற்ற வேண்டாம். மைனஸ் 40 வரை போன குளிரில் சட்டென்று இறங்கிச் சுட்டுவிட்டு, திரும்ப ஏறிக் காட்டுக்குள் மறைய இது எவ்வளவு உதவியிருக்கும்! சோவியத்தின் 44-வது டிவிஷன் வண்டிகளோடு ஒற்றைச் சாலையில் நீண்டு கிடந்தது. ஃபின்லாந்துத் தளபதி சீலஸ்வுவோவின் ஆட்கள் காட்டுக்குள்ளிருந்து வந்து அதைத் துண்டு துண்டாக நறுக்கினார்கள். அந்தத் துண்டுக்கு அவர்கள் சொன்ன பேர் 'மொட்டி', அளந்து அடுக்கிய விறகு. வாரைத் தப்பாக வைத்தால் காட்சியே பொய்.

காகிதத்தில் செய்த முதல் வார் பசையில் ஊறிக் கிழிந்தது. மாஸ்கிங் டேப் தடித்துத் தெரிந்தது. கடைசியில் கைகொடுத்தது தீர்ந்துபோன களிம்பு ட்யூப். வெட்டி விரித்து, மெழுகுவத்தியில் காட்டிப் பூச்சைக் கருக்கித் துடைத்தால் அலுமினியம் துணி மாதிரி மடங்குகிறது. 0.8 மி.மீ. அகலம், நிஜத்தில் 3 செ.மீ. வாருக்குச் சமம். பூட்ஸ் மூக்கை எபாக்சி புட்டியில் வளைத்து ஒரு நாள் காயவிட்டேன். அப்புறம்தான் வாரை மேலே போர்த்தி, நுனிகளை ஸ்கீயின் இரு பக்கமும் கீறிய பள்ளத்தில் செருகினேன். நிஜ ஸ்கீயில் வார் குறுக்குத் துளை வழியாகப் போகும், 2 மி.மீ. பட்டையில் அதைத் துளைக்கப் பார்த்து இரண்டு ஸ்கீ பிளந்தன. சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம், சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும்.

ஊன்றுகோலுக்குத் தென்னை ஈர்க்கின் நுனிப்பக்கம் அருமை. கணு இல்லை, கனம் 0.5 மி.மீ., தானாகவே மெலிகிறது.

வெள்ளை அங்கிக்கு இன்னும் பெயின்ட் தொடவில்லை. சுத்த வெள்ளை அடிக்கப்போவதில்லை; வெளிர் சாம்பலில் தொடங்கி மேடுகளில் மட்டும் வெள்ளை. பனிக்குச் சமையல் சோடா கிடையாது, நாளாக ஆக மஞ்சளாகிவிடும். கண்ணாடித் தூள் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் கை அஹ்கியோவுக்குப் போய்விட்டது. படகு வடிவச் சறுக்கு வண்டி, கயிறு கட்டி ஆட்களே இழுப்பது. பலகை வளைவுக்கு அட்டையில் அச்சு வெட்டியாகிவிட்டது.