மியூட் பட்டன்

கியோஷி குரோசாவா இயக்கிய 'கியூர்' (1997) என்ற ஜப்பானியப் படத்தில் வரிசையாகக் கொலைகள் விழுகின்றன. ஆனால் வருஷக்கணக்கில் கால் சென்டரில் காது கொடுத்தவன் என்பதாலோ என்னவோ, என்னை உலுக்கியது கொலையே இல்லாத ஒரு காட்சிதான். சலவைக் கடை கவுண்டரில் துப்பறியும் அதிகாரி தகாபே நிற்கிறார். பக்கத்தில் ஒரு ஆள் யாரையோ கறுவியபடி முணுமுணுக்கிறான். கடைக்காரர் உள்ளிருந்து வந்ததும் ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிடுகிறான்.

எங்கள் தளத்தில் இது அன்றாடக் காட்சி. கார்டில் அபராதம் போட்டுவிட்டார்கள் என்று வாடிக்கையாளர் கத்துவார், பக்கத்து சீட்டுக்காரன் மியூட்டை அழுத்திவிட்டு அவருடைய பரம்பரையையே இழுப்பான், மறு நொடி மியூட்டை எடுத்து "உங்க சிரமம் புரியுது சார்" என்பான், குரலில் ஒரு பிசிறு இருக்காது. நானும் அப்படித்தான். அதை நாங்கள் தொழில் திறமை என்றே நினைத்திருந்தோம்.

படத்தில் கொலை செய்பவர்களும் பணிவாக வேலை பார்ப்பவர்கள்தான்: ஒரு ஆசிரியர், ஒரு போலீஸ்காரர், ஒரு டாக்டர். இறந்தவர்களின் கழுத்தில் எக்ஸ் வடிவ வெட்டு, கொன்றவருக்கோ காரணம் சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் அதற்கு முன் மமியா என்ற நினைவிழந்த இளைஞனைச் சந்தித்திருக்கிறார்கள். லைட்டர் சுடரையும் சிந்தும் தண்ணீரையும் வைத்து அவன் மனவசியம் செய்வது இருக்கட்டும், அவன் பேசுகிற விதம்தான் எனக்குப் பழக்கப்பட்டதாக இருந்தது. ஷிரசாதோ கடற்கரையில் நின்றுகொண்டு இது எந்த இடம் என்று கேட்பான், பதில் சொன்னால் அது எங்கே என்பான், கேட்டதையே திரும்பக் கேட்பான். இந்த மாதிரி அழைப்பு ஒன்று வந்தாலே போதும், ஷிப்ட் முடிவதற்குள் நமக்குள் என்னவோ அவிழ்ந்துவிடும். உயரதிகாரி ஒருவர் தன் பதவியைச் சொல்லிப் பதில் தரும்போதும் 'நீ யார்' என்றே கேட்கிறான். என்னிடம் கேட்டிருந்தால் நானும் பெயர், டீம், எம்ப்ளாயி ஐடி என்றுதான் ஒப்பித்திருப்பேன்.

மனவசியத்துக்கு முன்னோடியான பதினெட்டாம் நூற்றாண்டு மருத்துவர் மெஸ்மர், பழைய மனவசியக் கதை எல்லாம் வரும் பகுதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. மமியா புதிதாக எதையும் ஊட்டுவதில்லை, மியூட்டில் கிடந்ததைத் திறந்துவிடுகிறான், அவ்வளவுதான் என்பது என் கட்சி. மனைவியின் மனநோயை வீட்டில் பொறுமையாகத் தாங்கிக்கொண்டு வேலையில் இறுக்கமாக நிற்கும் தகாபேவிடம் அவன் குறி வைப்பதும் அந்த இடத்தைத்தான். தகாபேவாக நடிக்கும் கோஜி யகுஷோ அந்தப் பொறுமை விரிசல் விடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவார்.

ஷிப்ட் நண்பன் ஒருவனைப் பார்க்கவைத்தேன். "கொலைகாரன் யாருன்னு முதல்லயே தெரிஞ்சிடுச்சே மச்சி, அப்புறம் என்ன த்ரில்லர்?" என்றான். "சரி, யாரு சொல்லு" என்றேன். மமியா என்றான். அப்படியென்றால் கத்தியைப் பிடித்தவர்கள் யார் என்று கேட்டேன், அன்றைக்கு டீ பிரேக் முழுக்க அந்தச் சண்டையிலேயே போனது.