ஒரு சக்கரத்தால் விழுந்த அரியர்

ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. ஃபோட்டோகிராஃபி போர்ட்ஃபோலியோ பேப்பரில் 78. போன வருடம் இதே பேப்பர், இதே தலைப்பு, 38. இடையில் நான் பெரிய கலைஞன் ஆகிவிடவில்லை. சக்கரத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். அடுத்த செமஸ்டரில் மோட்டார் பந்தயத்தை, அதுவும் ஓவியம் மாதிரி எடுக்கிறேன் என்று தலைப்புக் கொடுத்துவிட்டு முழிக்கிறவர்களுக்காக, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன வருடக் கதையை முதலில் முடித்துவிடலாம். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை கார் பந்தய டிராக்குக்கு டிக்கெட் எடுத்துப் போனேன். மெதுவான வளைவு ஒன்றில் நின்று எல்லாவற்றையும் 1/1000-ல், அதாவது ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே திறந்திருக்கும்படி, எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கார்கள் கல்யாண மண்டப வாசலில் நிறுத்திவைத்த மாதிரி இருந்தன. சரி, கம்ப்யூட்டர் எதற்கு இருக்கிறது என்று பின்னணிக்கு, ஓடுவது போலக் கலைத்துக் காட்டும் மோஷன் பிளர் போட்டு, மேலே ஆயில் பெயின்ட் ஃபில்டரையும் பூசினேன். பிரின்டைப் பார்த்த அப்பத்தா, "ஏன்யா, ஈரம் பட்டு அழிஞ்சுபோச்சா?" என்று கேட்டது. ஓவியம் கைகூடிவிட்டது என்று எனக்குப் பெருமை வேறு.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் ஒன்பது படங்களைப் பேசாமல் தள்ளினார். பத்தாவதில் சக்கரத்தின் மேல் விரலை வைத்தார்.

"தம்பி, இந்த வண்டி ஓடுதா, நிக்குதா?"

"ஓடுது சார்."

"அப்புறம் ஏன் ஆரக்கால் ஒவ்வொண்ணையும் எண்ண முடியுது?"

எனக்கு வாய் வரவில்லை. கேமராவில் விழுந்தபடியே இருக்கும், கைவைக்காத ரா ஃபைலைக் காட்டச் சொன்னார். அது ஹாஸ்டல் கம்ப்யூட்டரில் கிடந்தது. முடிந்தது.

கணக்கு எளிது. வைவாவில் சொல்லவும் உதவும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரின் சக்கரம் நொடிக்குச் சுமார் 9 சுற்றுச் சுற்றும். 1/1000-ல் அது 3 டிகிரிதான் திரும்பும், கிட்டத்தட்ட நின்றுவிடும். 1/15-ல் அரைச் சுற்றைத் தாண்டும், ஆரக்கால் கரைந்து வட்டத் தட்டாகிவிடும். பின்னணி எவ்வளவு கலைந்திருந்தாலும் சக்கரம் நின்றால் படம் பொய். நான் இதை அளவுக்கு மீறிச் சொல்கிறேன் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு அரியர் விழவில்லை.

டிராக்குக்கு மாதாமாதம் போகக் காசு இல்லை. ஷட்டரை மெதுவாக வைத்து, வண்டியோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பி எடுப்பதுதான் பேனிங். அதற்கான பயிற்சி எல்லாம் இங்கேயே. காலையில் காரைக்குடி–தேவகோட்டை ரோட்டில் பஸ். ஊர்த் திருவிழாக்களில் மாட்டு வண்டி எல்கைப் பந்தயம். பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு என்று ஒவ்வொரு பிரிவுக்கும் வேகமும் மாடு எகிறும் விதமும் வேறு. மாடு மேலும் கீழும் குலுங்கும் என்பதால் கார் எடுப்பதைவிட இது கஷ்டம். இதில் பத்துக்கு ஒன்று தேறினால் டிராக்கில் கை தானாக ஓடும். ஒரு பந்தயத்தில் 1/15-ல் கொம்பு நுனியும் சாரதியின் பல்லும் மட்டும் தெளிவாக விழுந்து, கால்கள் எட்டும் தூரிகை இழுப்பாகி, ரோட்டோரச் செம்மண் பின்னால் ஒரே சிவப்புப் பட்டையாக ஓடியது. என் வாழ்க்கையிலேயே நல்ல படம் அதுதான். மோட்டார் இல்லை என்பதால் போர்ட்ஃபோலியோவில் சேராது. வயிறு எரிகிறது.

செய்தது:

— முதல் நாள் 1/125, அடுத்த வாரம் 1/60, பிறகு 1/30, 1/15. நேராக 1/8-க்குத் தாவ வேண்டாம்.
— இடுப்பு திரும்பட்டும், கை திரும்பக் கூடாது. வண்டி போய் முடியும் திசைக்குப் பாதத்தை முதலிலேயே வைத்துவிட்டு, வரும் பக்கம் உடம்பை முறுக்கிக் காத்திருங்கள்.
— கிளிக் ஆன பிறகும் கேமரா ஓடிக்கொண்டே இருக்கட்டும். நான் விட்ட படங்களில் பாதி இங்கேதான்.
— லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் பேனிங்குக்கான நிலையில் வையுங்கள்.
— ஒரு புள்ளியாவது தெளிவாக இருக்க வேண்டும். ஹெல்மெட் போதும்.
— ஸ்கிரீனைப் பார்க்காதீர்கள்.

வெயில்தான் அடுத்த தொல்லை. சென்சாரின் ஒளி உணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸின் திறப்பு எஃப் 16 என்றால் நம்மூர் மத்தியானத்தில் 1/125 தான் வரும். 1/15-க்கு இறங்க மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைத்தாக வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாக்குவது). எஃப் 22-க்கு மேல் மூடினால் சென்சார் தூசி எல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். ஆகவே வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்கும் என்டி 8 ஃபில்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். புது லென்ஸுக்கு வீட்டில் சண்டை போடுவதைவிட இது மலிவு.

பின்னணியை வண்டிக்கு முன்பே தேர்ந்தெடுங்கள். டிராக் ஓரத்தின் சிவப்பு-வெள்ளைக் கட்டை பேனிங்கில் ஒன்றோடொன்று கலந்து ரோஸ் நிறக் கோடாகும். வெறும் சாம்பல் சுவர் எவ்வளவு இழுத்தாலும் சாம்பல்தான். என் மாமா ஆத்தங்குடியில் கல், அதாவது தரையில் பதிக்கும் வண்ண டைல், போடுகிறார். கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து நிறத்தை ஊற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது என்பதை ஊற்றுவதற்கு முன்பே முடிவு செய்திருப்பார். டிராக்கிலும் அதுவேதான் வேலை. பார்வையாளர் பக்கக் கம்பி வேலியைப் பற்றிக் கவலை வேண்டாம். மெதுவான ஷட்டரில் அது கரைந்துவிடும். படம் கொஞ்சம் வெளிறும், அந்த வெளிறல் வாட்டர்கலர் மாதிரி அழகாகவே இருக்கிறது.

கனவு மாதிரி வேண்டுமென்றால் எல்லோரும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல படத்தை அடுக்கும் மல்டிபிள் எக்ஸ்போஷர் சொல்வார்கள். நான்கு படம் சேர்த்தால் ஒவ்வொன்றையும் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பிடிக்கவில்லை, யாரோ ஏற்கெனவே பார்த்த கனவு மாதிரி இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடையில் உடைந்த ஜன்னலின் பச்சைக் கண்ணாடித் துண்டு ஒன்று 150 ரூபாய்க்கு வாங்கினேன். விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு, லென்ஸுக்கு முன்னால் பாதியை மறைத்துப் பிடித்தேன். காரின் பின்பாதி குளத்துக்குள் இறங்குகிற மாதிரி வந்தது. எக்ஸ்டர்னல் அதிக நேரம் பார்த்தது அந்தப் படத்தைத்தான்.

தியரியில் ஒருவரைக் கட்டாயம் படித்துவிட்டுப் போங்கள்: பிரெஞ்சு ஃபோட்டோகிராஃபர் ழாக் ஆன்றி லார்டீக். பிரெஞ்சு கிராண்ட் பிரி கார் பந்தயத்தில் அவர் எடுத்த காரின் சக்கரம் முட்டை வடிவில் முன்னால் சாய்ந்திருக்கும், வேடிக்கை பார்ப்பவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். 1912 என்று குறித்து வைத்திருந்தார், 1913 என்று இப்போது சொல்கிறார்கள். ஷட்டரின் இடுக்கு, படம் பதியும் கண்ணாடித் தட்டின் மேல் மெதுவாக நகர்ந்தபோது காரும் நகர்ந்தது, கேமராவும் திரும்பியது. ஓடும் பஸ்ஸை மொபைலில் எடுத்தால் சாய்ந்து விழுவதும் வரிவரியாகப் பதிவதால்தான். இந்த முறை வைவாவில் இதைத்தான் சொன்னேன். பார்த்தீர்களா, அங்கேயும் சக்கரம்.

இன்னும் சில, அவசரமாக: ரா ஃபைல் இரண்டு பென்டிரைவில். கூட்டமாகப் போகாதீர்கள், பேச்சில் வண்டி போய்விடும் (நான் பேசாதவன், மற்றவர்களுக்கு எப்படியோ). 1/15-ல் நூற்றுக்கு நான்கு தேறினால் நல்ல நாள்.

போன வருடத்துப் பத்தாவது பிரின்டை மாமா ஃபிரேம் போட்டுக் கல் பட்டறையில் மாட்டியிருக்கிறார். ரிசல்ட் சொல்லப் போனபோது நிமிர்ந்து பார்த்தேன். பத்து ஆரக்கால்.