"களை எடுக்கவா பிள்ளையை அனுப்புறோம்?"

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிக்குக் கிழக்கே எங்களுக்குக் கிடைத்த இரண்டு ஏக்கர், கஜா புயல் வரை தென்னந்தோப்பாக இருந்தது. 2018 நவம்பர் 16 அன்று ஒரே இரவில் தோப்பு படுத்துவிட்டது. நிலத்துக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். திரும்பத் தென்னை வைத்து, அது காய்க்கிறவரை காத்திருக்க அவருக்கு அப்போது மனமில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லி, பேருக்கு ஒரு தொகை வைத்துக் குத்தகைக்கு விட்டார். அங்கே பிள்ளைகள் கற்றுக்கொள்ள ஒரு பண்ணை நடத்த, நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனம் என்னை ஒருங்கிணைப்பாளராக அனுப்பியது. பிள்ளைகளுக்கு நான் அக்கா, இளவட்டங்களுக்கு மேடம், வயதான பெண்களுக்கு 'ஏம்மா'.

பிள்ளைகளுக்கான பண்ணை என்றதும் எல்லோரும் என்ன பயிர் வைக்கலாம் என்றுதான் பேசுவார்கள். எங்கள் முதல் செலவு கிணற்றுக்கு. திறந்த கிணறு, கைப்பிடிச்சுவர் இடிந்து கிடந்தது. சுவரை உயர்த்தி மேலே இரும்புக் கம்பி வலை போட்டோம். அடுத்த செலவு விழுந்த மரங்களை அப்புறப்படுத்த. மக்கிய தென்னந்தடிக்குள்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும், கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் கிடக்கும். மட்டைக் குவியலுக்கு அடியில் தேள், சில சமயம் பாம்பு. நன்கொடை தந்தவர்கள் நாற்றோடு நிற்கும் குழந்தையின் படம் கேட்டார்கள். வலை போட்ட கிணற்றின் படத்தை யாரும் கேட்கவில்லை. நானாக அனுப்பி வைத்தேன், பதில் வரவில்லை.

மேட்டுப்பாத்திகளை மூன்றடி அகலத்துக்கு மேல் போகவிடவில்லை. எட்டு வயதுப் பிள்ளை பாத்திக்குள் கால் வைக்காமல், இரண்டு பக்கத்திலிருந்தும் நடுப்பகுதியை எட்ட வேண்டும். அதுதான் கணக்கு. மண்ணுக்குப் பலதானிய விதைப்பு. தானியம், பயறு, எண்ணெய் வித்து, மசாலா விதை, பசுந்தாள் உரம் எல்லாம் கலந்து ஏக்கருக்கு இருபது, இருபத்தைந்து கிலோ தூவி, பூவெடுக்கும் சமயத்தில் மடக்கி உழுவது. இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன முறை இது. அவர் 2013 டிசம்பரில் காலமானது பட்டுக்கோட்டைப் பக்கத்து அத்திவெட்டியில். எங்கள் பகுதிப் பெரியவர்கள் பலர் அவர் பேசியதை நேரில் கேட்டவர்கள். அதனால் இதைப் புரியவைக்க எனக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை.

சிரமம் வேறு இடத்தில் வந்தது.

இரண்டாம் மாதமே ஒரு தாய் வந்து நின்றார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர், மற்ற நாளில் களையெடுக்க, பூப்பறிக்க. "ஏம்மா, நாந்தான் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடிஞ்சு கெடக்கேன். என் மவளையும் களை எடுக்கவா இங்க அனுப்புறேன்? படிக்கத்தானே அனுப்புறேன்?" என்றார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகக் கேட்டார். நிலத்தை மறப்பவர்கள் ஊர் இல்லை இது. நெடுவாசல் எங்களுக்குப் பக்கம்தான். 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் பந்தலில் உட்கார்ந்தவர்களில் இதே பெண்களும் உண்டு. நிலம் வேண்டும் என்று சொன்ன அதே வாய்தான் என் பிள்ளைக்குக் களை வேண்டாம் என்கிறது. இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நிலத்தில் நிற்பது வேறு, அடுத்தவன் நிலத்தில் கூலிக்குக் குனிவது வேறு. இந்த ஊரில் யார் தலைமுறை தலைமுறையாகக் குனிந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

புதுக்கோட்டையிலிருந்து தனியார் பள்ளிப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வேனில் வருவார்கள். சேற்றில் இறங்கினால் கூட வந்த பெற்றோர் சிரித்துக்கொண்டே போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள். அவர்களுக்கு மண் ஒரு அனுபவம், வீட்டுக்குப் போய்க் குளித்தால் முடிந்துவிடும். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பாடத்திட்டம் என்று தலைமை அலுவலகத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். எழுதியவருக்கு எந்தக் கூட்டத்தைத் தெரியும் என்று ஊகிக்கலாம்.

பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். 2016இல் திருத்திய சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. நாங்கள் யாரையும் வேலைக்கு வைக்கவில்லைதான். ஆனால் பண்ணைக்கு விளைச்சல் வேண்டும் என்பதற்காக ஒரு பிள்ளை குனிந்தால் அதற்குப் பெயர் என்ன? அப்புறம் உட்கார்ந்து பேசி ஒன்றை முடிவு செய்தோம். பண்ணை ஓடுவதற்குத் தேவையான வேலையைக் கூலி கொடுத்துப் பெரியவர்களை வைத்துச் செய்வோம். பிள்ளைகள் கை வைப்பது அவர்கள் பெயர் எழுதிய பாத்தியில் மட்டும். அது காய்ந்து போனாலும் சரி, பெரியவர்கள் யாரும் திட்டக்கூடாது.

அதே தாயை வாரம் ஒரு வகுப்பு எடுக்கக் கேட்டோம். கோரையைப் பிடுங்கினால் ஏன் திரும்ப வருகிறது, அருகை வேரோடு எப்படி எடுப்பது, எந்தக் களை கீரையாகச் சமைக்க ஆகும். குப்பைமேனியையும் குப்பைக்கீரையையும் எனக்கே அவர்தான் பிரித்துக் காட்டினார். கூலிக் கணக்கில் எழுதாமல் பயிற்றுநர் மதிப்பூதியத்தில் எழுதினேன். கணக்குப் பார்ப்பவர் போன் செய்து கல்வித் தகுதி என்ன என்று கேட்டார். நாற்பது வருடக் களை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை, பிறகு பணம் வந்துவிட்டது.

பள்ளி நாட்காட்டியோடு மல்லுக்கட்டியது தனிக் கதை. ஜூனில் பள்ளி திறக்கிறது, ஜூலை பாதியில் ஆடி பிறக்கிறது. அதுவரை பொருத்தம். ஆடிப்பட்டத்தில் விதைத்த கடலை மஞ்சளாய்ப் பூத்து, பூ வாடியபின் விழுது இறக்கி மண்ணுக்குள் போய்க் காய்ப்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார்கள். வேரில் காய்க்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். ஏன் அந்தச் சமயத்தில் மண் அணைக்கிறோம் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை, கண்ணால் பார்த்துவிட்டார்கள். ஐப்பசியில் பிடுங்கி அவித்தோம். ஆனால் டிசம்பர் மழையில் களை மண்டும்போது அரையாண்டுத் தேர்வு. மே மாதம் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்போது எல்லோரும் பாட்டி வீட்டில். கோடைக்கு முருங்கை, அகத்தி, கோழி இவ்வளவு போதும் என்று விட்டுவிட்டோம். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி மட்டும் வெயிலுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் ஜூனில் வரும் பிள்ளைகளுக்குக் காலிக் கூண்டைத்தான் காட்ட முடியும்.

இளவட்டங்கள் கீரைக்காக வரவில்லை. மோட்டார், சொட்டுநீர்க் குழாய், ஆடு. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு முழு மானியம் தருகிறது, மற்றவர்களுக்கு 75 சதவீதம். எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நில உரிமையைக் காட்டும் சிட்டா சிங்கப்பூர்க்காரர் பெயரில், கையெழுத்துப் போட வேண்டியவரும் அங்கே. பையன்களே பழைய குழாய் வாங்கிப் பொருத்தி, வடிகட்டி அடைத்து, கழற்றி, திரும்பப் பொருத்திக் கற்றுக்கொண்டார்கள்.

ஆட்டில்தான் பெரிய சண்டை. குட்டிகளுக்குச் சின்னப் பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள். கிடா வளர்ந்ததும் கோயில் கிடாவெட்டுக்கு நல்ல விலை வரும், விற்கலாம் என்றார்கள் பெரிய பையன்கள். நல்ல வேலைதான், ஆட்டுக் கணக்கு தெரியாமல் பண்ணை நடத்த முடியாது. ஆனால் மூன்றாம் வகுப்புப் பெண் அழுதால் கூட்டத்தில் யாரும் பேச முடிவதில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க விவாதம் நடந்தது, நான் வாயே திறக்கவில்லை. முடிவைச் சொன்னவர்கள் சின்னவர்கள்தான்: இனி பெட்டைக்கு மட்டும் பெயர், கிடாவுக்குக் கிடையாது. இப்போதிருக்கும் இரண்டு கிடாவையும் வெளியூர் வியாபாரிக்கு விற்க வேண்டும், எங்கள் கண்ணில் படக்கூடாது. பையன்கள் ஒத்துக்கொண்டார்கள். இந்த விதியை எந்தப் பெரியவரும் எழுதியிருக்க மாட்டார்.

அந்தத் தாயின் மகள் இப்போது பண்ணைக்கு வருவதில்லை. பத்தாம் வகுப்பு, சாயங்காலம் டியூஷன். பாத்தியைத் தங்கைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அம்மா வருகிறார், வகுப்பு முடிந்ததும் மதிப்பூதியச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பூப்பறிக்கப் போகிறார்.