புதிதாகக் குடிவந்த ஒருவர் நன்றி கூறினார்

டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கத்தின் செய்திமடல் கதவிடுக்கில் செருகியிருந்தது. கடைசிப் பக்கத்தில் போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. அதில் என்னைப் பற்றியும் ஒரு வரி: "புதிதாகக் குடிவந்த ஒருவர் அனைவருக்கும் நன்றி கூறினார். நடவடிக்கை தேவையில்லை."

மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகியதற்கு இதுதான் மிச்சம்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில். நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டால் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். மழையும் சேர்ந்துகொள்ளும். பேருந்து நிறுத்தத்துக்குப் போக எங்கள் தெரு முனையில் பெரிய ரோட்டைக் கடக்க வேண்டும். அங்கே வெள்ளைக் கோடு கிடையாது. இருக்கிற ஒரே விளக்கையும் ஒரு பெரிய ஊசியிலை மரம் மறைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கையில் மகள், ஒரு கையில் டார்ச் என்று போய்க்கொண்டிருந்த ஒரு மாலையில் ஒரு கார் என் கோட்டை உரசுகிற மாதிரி வந்து நின்றது. அதைச் சொல்லத்தான் 2024 நவம்பரில் முதன்முதலாகச் சங்கக் கூட்டத்துக்குப் போனேன்.

ஒரு தேவாலயத்தின் அடித்தள அறை. மடக்கு நாற்காலிகளில் பதினைந்து பேர். ஏழு மணிக் கூட்டத்துக்கு ஏழே காலுக்குப் போனால் மைக் கட்டுகிறவரும் நாமும்தான் இருப்போம் என்பது நம் கணக்கு. இவர்கள் மூன்றாவது பொருளை முடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தது பொதுமக்கள் கருத்து, ஆளுக்கு இரண்டு நிமிடம். செயலாளர் எழுபது வயதுக்கு மேற்பட்ட அம்மா. எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு இன்னும் நாக்கு எழவில்லை. அவர் முன்னால் முட்டை வடிவத்தில் ஒரு சமையலறை டைமர் இருந்தது.

நான் ஆறாம் வகுப்பிலிருந்து பேச்சுப் போட்டிக்குப் போனவள். பரிசாக வாங்கிய சோப்பு டப்பாக்கள் அம்மாவின் பரணில் இன்னும் இருக்கின்றன. "அவைத் தலைவர் அவர்களே, நடுநிலை தவறா நடுவர்களே, என்னுயிர்த் தோழர்களே" என்று விளித்து முடிக்காமல் விஷயத்துக்குப் போனால் எங்கள் தமிழாசிரியை மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். பழக்கம் போகுமா? தலைவரை விளித்தேன், செயலாளரை விளித்தேன், பொருளாளரை விட்டால் வருத்தப்படுவாரே என்று அவரையும் விளித்தேன். இடம் கொடுத்த தேவாலயத்துக்கு நன்றி சொன்னேன். நான் யார், எந்த ஊர், 2018இல் எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் என்று சொல்லிவிட்டு, "எங்கள் தெரு முனையில்" என்று ஆரம்பித்தேன்.

டிங்.

எல்லோரும் கைதட்டினார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

கூட்டம் முடிந்ததும் செயலாளரம்மா பிளாஸ்க்கிலிருந்து ஒரு கோப்பை காபி ஊற்றிக் கொடுத்து, "உங்கள் ஊரில் இந்த மாதிரிக் கூட்டங்கள் உண்டா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை ஒரு தமிழரிடம் கேட்கலாமா? உத்திரமேரூரிலிருந்து ஆரம்பித்தேன். பராந்தக சோழன் காலம், ஆயிரத்து நூறு வருடத்துக் கல்வெட்டு, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரர்களும் போட்டியிட முடியாது என்ற விதி. இதற்கு டைமர் இல்லை. கால் மணி நேரம் பேசினேன்.

அவர் கண்கள் விரியக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நீங்கள் உங்கள் ஊரில் எத்தனை கூட்டங்களுக்குப் போயிருப்பீர்கள்!" என்றார்.

"சில" என்றேன். பொய்.

ஒன்றுக்குக்கூடப் போனதில்லை. மன்னார்குடிப் பக்கம் சின்னக் கிராமம் எங்களுடையது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று அப்போதெல்லாம் வருடத்துக்கு நாலு தடவை கிராம சபை கூடும். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் மைக் கரகரக்கும் சத்தம் எங்கள் கொல்லைவரை வரும். எங்கள் ஊர் அளவுக்கு நூறு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் தார்ப்பாயில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை எண்ணியும் போதாவிட்டால் ஊராட்சி கிளார்க் தீர்மானப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வீடு வீடாக வருவார். எனக்குப் பதினெட்டு முடிந்து பட்டியலில் பெயர் ஏறிய வருடம், அம்மாவுக்கு உதவியாக இட்லி மாவு வழித்துக்கொண்டிருந்தேன். "கிளார்க் நிக்கிறார் பாரு, ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பும்மா" என்று அப்பா குரல் கொடுத்தார். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனேன். "என்ன தீர்மானம்ண்ணே?" என்று கேட்டதற்கு, "எல்லாம் வழக்கமானதுதாம்மா" என்றார். பேனாவில் மாவு ஒட்டியது. அதைத் தன் வேட்டி முனையில் துடைத்துச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு கிளம்பினார்.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. அவர்தான் நிறையச் சொன்னார். 1974லேயே நகராட்சி இப்படிப்பட்ட சங்கங்களுக்கென்று தனி அலுவலகம் திறந்ததாம். இப்போது ஊர் முழுக்கத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட சங்கங்கள். சந்தா கட்டாயமில்லை. எல்லைக்குள் குடியிருந்தால் போதும், உறுப்பினர்தான். ஓட்டும் உண்டு. விசா என்ன, குடியுரிமை உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

காபியோடு அப்படியே நின்றுவிட்டேன். கடைசியாக என் விரலில் மை வைத்தது 2016 சட்டமன்றத் தேர்தலில். நான் சங்கக் கூட்டத்துக்குப் போன அதே 2024 நவம்பரில்தான் போர்ட்லண்டில் நகரமன்றத்தையே மாற்றி அமைத்து, நாலு வட்டாரம், வட்டாரத்துக்கு மூன்று பேர் என்று பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரிகனில் வாக்குச்சீட்டு தபாலில் வரும். வேட்பாளர் விவரம் அடங்கிய புத்தகம் எல்லா வீட்டுக்கும் வருவதால் எங்களுக்கும் வந்தது. ஒரு பக்கம் விடாமல் படித்தேன். வாக்குச்சீட்டுதான் வராது.

இன்னொன்றும் சொன்னார். ஒரிகன் சட்டப்படி இரண்டு தெருக்கள் சந்திக்கிற முனைகளெல்லாம், கோடு போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், பாதசாரிகள் கடக்கும் இடம்தான். வண்டி நின்றே ஆக வேண்டும். நல்ல சட்டம். ஏட்டுச் சுரைக்காயை இங்கேயும் பயிரிடுகிறார்கள் என்பதில் ஒரு அற்ப திருப்தி எனக்கு.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். இங்கத்தியவர்கள் மாதிரியே மழையில் குடை பிடிக்காமல் நடக்கிறேன். எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்தச் செய்திமடல் வந்த இரவு, எங்கள் ஊர்த் தீர்மானப் புத்தகத்தில் மாவு படிந்த என் கையெழுத்து எந்தப் பக்கத்தில் இருக்கும், அப்படி எதற்குத்தான் சம்மதித்தேன் என்று யோசித்துக்கொண்டே விழித்திருந்தேன்.

ஜனவரிக் கூட்டத்துக்கு மைக்ரோவேவில் நேரம் வைத்துப் பழகினேன். வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது. எழுந்தேன், முனையைச் சொன்னேன், மரத்தைச் சொன்னேன், காரைச் சொன்னேன், உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வினாடி. மீதி நேரம் டைமர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தமிழாசிரியை பார்த்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பார்.

நகரப் போக்குவரத்துத் துறைக்குக் கடிதம் எழுதலாம் என்று ஒருவர் சொல்ல, பின்னாலிருந்து இன்னொருவர் "செகண்ட்" என்றார். முதலாவது என்ன என்று திரும்பிப் பார்த்தேன். அப்புறம்தான் புரிந்தது, நம் கட்சிப் பொதுக்குழுக்களில் முன்மொழிந்து வழிமொழிவார்களே, அதேதான். ஹென்றி ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, அதை அடக்க முடியாமல் திண்டாடியதில் பிறந்த விதிப்புத்தகமாம். 1876இல் வெளிவந்தது. இவர்கள் இன்னும் அதைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். சடசடவென்று கைகள் எழுந்தன. நான் கட்டிய கையோடு உட்கார்ந்திருந்தேன். நான் கேட்டதற்கு நானே கை தூக்குவது, பந்தியில் கரண்டியை வாங்கித் தனக்குத் தானே பரிமாறிக்கொள்வது போல இருந்தது.

அடுத்த குறிப்பில் அச்சாகியிருந்தது: "தெரு முனையில் வெள்ளைக் கோடு கேட்டுக் கடிதம் அனுப்பத் தீர்மானம். ஆதரவு 14, எதிர்ப்பு 0, வாக்களிக்காதவர் 1." அந்த ஒருவர் நான்தான்.

குடியரசு தினத்தன்று அப்பாவிடம் இதைச் சொல்லலாம் என்று போன் செய்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"இன்னிக்கு இங்க கிராம சபைம்மா. ஆள் பத்தலைன்னு கிளார்க் வந்தார். உன் பேர் இன்னும் லிஸ்ட்ல இருக்காம்."

"அதுக்கு?"

"அதுக்கு என்ன, போட்டுக் குடுத்தாச்சு. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"