நோவைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீங்கள்

"பிள்ளை பெறுறதைவிடவா இது நோகப்போகுது?" கரு கலைந்து, கருப்பையைச் சுத்தம் செய்வதற்காகக் கொழும்பில் வார்ட்டில் கிடந்த என் மச்சாளிடம் ஒருவர் இப்படிக் கேட்டார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆரம்ப வாரங்களில் கரு தானாகக் கலைந்தாலும் சரி, கலைத்தாலும் சரி, கருப்பையை உறிஞ்சிச் சுத்தம் செய்யும் முறை ஒரேமாதிரித்தான். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் கருப்பை வாயை விரிக்கும்போதும், கடைசியில் கருப்பை இறுகிச் சுருங்கும்போதும் நோ கடுமையாக இருக்கும். அதற்கு மருந்து இருக்கிறது. முன்கூட்டியே இபுபுரோபன் போன்ற ஒரு மாத்திரை, அப்புறம் கருப்பை வாயைச் சுற்றி லிடோகெயின் விறைப்பு ஊசி. ஊசி போடும்போது சுரீர் என்றிருக்கும், ஆனால் பின்னால் வரும் நோவைக் குறைக்கும். 14 வாரத்துக்கு உட்பட்ட கருக்கலைப்புச் சிகிச்சைக்கு இரண்டையும்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டல் பரிந்துரைக்கிறது. முழு மயக்கம் வழமையாகத் தேவையில்லை என்றும் அதிலேயே இருக்கிறது.

நம் நாட்டில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்கு அனுமதி. அந்தப் பயத்தில், தானாகக் கலைந்தவளும் குற்றம் செய்தவள் மாதிரி வாய் திறக்காமல் படுத்திருக்கிறாள். கலைந்த பிறகு சிகிச்சை பெறுவது குற்றமே இல்லை!

கேளுங்கள் பிள்ளைகள். "டொக்டர், நோவுக்கு என்ன தருவீங்கள், எப்ப தருவீங்கள்?" ஆஸ்துமா, வயிற்றுப்புண், மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் முதலே சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்குப் போகிறவள் கேட்க முடியாத நிலையில் இருந்தால், கூடப் போகிறவர் கேளுங்கள்.