70 வளைவும் பெரியப்பா காதும்

மூணு வருஷமா நான் கிளட்ச் மிதிக்கவே இல்ல. பெங்களூர் சில்க் போர்டு ஜங்ஷன்ல தினமும் ரெண்டு வேளை ஹாஃப் கிளட்ச்லயே ஊர்ந்து ஊர்ந்து இடது முட்டி போயிடுச்சு, அதனால கிளட்ச் பெடலே இல்லாத ஏஎம்டி வண்டி வாங்கினேன். அந்த ட்ராஃபிக்குக்கு இன்னைக்கும் அதுதான் சரி, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. கியர் வண்டிதான் வண்டி, மத்ததெல்லாம் பொம்மைன்னு மீசைய முறுக்குறவங்க ஒரு வாரம் ஆபீஸ் டைம்ல அந்தப் பக்கம் வந்து ஓட்டிப் பாக்கட்டும்.

ஆனா போன ஆடி மாசம் பெரியப்பா வண்டில கொல்லிமலை போயிட்டு வந்தேன். அது வேற கதை.

பெரியப்பாவுக்கு நாமக்கல். நாமக்கல்னா பாதி ஊர் லாரி, மீதி ஊர் முட்டை. இவர் லாரி. முப்பது வருஷத்துக்கு மேல நார்த் லைன் ஓட்டினவர், இப்ப ரிட்டயர்டு. கண்புரை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா கொல்லிமலை அறப்பளீஸ்வரர வந்து பாக்குறேன்னு வேண்டியிருந்தாராம். முடிஞ்சுது. ஆனா இன்னும் கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, அவரோட 2008 மாடல் ஆல்டோ ஷெட்டுல தூசி புடிச்சு நிக்குது. நான் வேற பஸ்ல ஊருக்கு வந்திருந்தேன். ஆடி 18க்கு வல்வில் ஓரி விழா, மலை பூரா கூட்டமா இருக்கும், அதுக்கு முந்தின வாரமே போயிட்டு வந்துடலாம்னு முடிவு. "கியர் வண்டி மறந்துருச்சா கண்ணு?"ன்னு கேட்டாரு. அதெப்படி மறக்கும் பெரியப்பான்னேன். ஷெட்ட விட்டு ரிவர்ஸ் எடுக்கும்போதே ரெண்டு தடவ ஆஃப் ஆச்சு. அவர் ஒண்ணும் சொல்லல, கருப்புக் கண்ணாடிய நல்லா ஏத்தி விட்டுக்கிட்டாரு.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, அப்புறம் காரவள்ளி. அதுவரைக்கும் சமதளம், சொல்ல ஒண்ணும் இல்ல. நாலாவது அஞ்சாவது கியர்ல ஜம்முனு போச்சு, நானும் பரவால்ல பழகிட்டோம்னு நெனச்சு பாட்ட சத்தமா வச்சேன். காரவள்ளி அடிவாரத்துல நிறுத்தி டீ குடிச்சுட்டு ஏறும்போது பெரியப்பா கைய நீட்டி பாட்ட அணைச்சாரு, ஏசியையும் அணைச்சாரு, ரெண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கச் சொன்னாரு.

"இஞ்சின் சத்தம் கேக்கோணும். அப்பதான் தெரியும்."

ஏசிக்குக் காரணம் எனக்குத் தெரியும், 796 சிசி மூணு சிலிண்டர் இஞ்சின், இருக்குறதே கொஞ்சம் இழுவை, அதுல கம்ப்ரஸர் வேற பங்கு கேட்டா மலையில என்ன மிஞ்சும். ஆனா பாட்டுக்குக் காரணம் ஏறுனப்பறம்தான் புரிஞ்சுது. அந்த வண்டில இஞ்சின் சுத்துற வேகத்தக் காட்டுற ஆர்பிஎம் மீட்டரே கிடையாது. எப்ப கியர் மாத்தணும்னு காது மட்டும்தான் சொல்லும். பவர் ஸ்டியரிங்கும் இல்ல, அது எழுபது வளைவு முடிஞ்சப்ப தோள்பட்டை சொல்லுச்சு.

கொல்லிமலை ரோட்டப் பத்தித் தெரியாதவங்களுக்கு: அடிவாரத்துலேர்ந்து மேல போறதுக்குள்ள 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் நம்பர் போர்டு இருக்கும். வால்பாறைக்கு 40, ஏற்காட்டுக்கு சேலம் பக்கத்துலேர்ந்து 20, அப்ப கணக்கு போட்டுக்கோங்க. சில இடத்துல ஒரு வளைவு முடிஞ்சு ஸ்டியரிங் நேராகறதுக்குள்ள அடுத்த போர்டு வந்துடும். கீழ எட்டிப் பாத்தா நாம வந்த ரோடே அஞ்சாறு மடிப்பா, காயப்போட்ட வேட்டி மாதிரி கெடக்கும்.

முதல் பத்து வளைவு நான் பண்ணின தப்பு ஒண்ணே ஒண்ணுதான், ஆனா பத்து தடவ பண்ணினேன். வளைவுக்குள்ள போனதுக்கு அப்புறம் கியர் குறைக்கறது. பெங்களூர் வண்டி குடுத்த பழக்கம் அது. ஏஎம்டிக்குள்ள இருக்கறதும் அதே மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச மிதிக்கவும் கியரத் தள்ளவும் நம்ம காலுக்கும் கைக்கும் பதிலா ஒரு சின்ன மெஷின் உக்காந்திருக்கு, அவ்வளவுதான். ஆனா அந்த மெஷினுக்குக் கண்ணு கிடையாது பாருங்க. வளைவு வரப்போகுதுன்னு அதுக்குத் தெரியாது. ஏத்தம் ஆரம்பிச்சு, வேகம் கொறஞ்சு, நாம ஆக்சிலேட்டர அழுத்தினப்பறம்தான் "ஓ, கியர் கம்மி பண்ணணுமோ"ன்னு யோசிக்கும். வளைவு நடுவுல காலத் தூக்கினா உடனே ஒரு கியர் மேல போட்டு உக்காந்துக்கும், அப்புறம் மறுபடி கீழ வரும். மேனுவல் மோட் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, ப்ளஸ் மைனஸ்னு தட்டலாம், மலையில நான் அதத்தான் வச்சு ஓட்டுவேன். ஆனா தட்டுறதுக்கும் கியர் விழுறதுக்கும் நடுவுல ஒரு மூச்சு இடைவெளி இருக்கு, அந்த ஒரு மூச்சுலதான் எனக்கும் வண்டிக்கும் ஒட்டு விட்டுப்போகுது.

பெரியப்பா பாடம் நடத்துற ஆளு இல்ல. கண்ணாடி போட்டுக்கிட்டு சாஞ்சு உக்காந்திருந்தாரு, தூங்குறாரோன்னு பாத்தேன், வளைவுக்கு ஒரு இருபதடி முன்னாடி வாய் மட்டும் அசையும். "போர்டு தெரியும்போதே ரெண்டாவது." அடுத்ததுக்கு, "ஆரன் அடி. ம்ம், இப்ப திருப்பு." அடுத்ததுக்கு, "ஃபஸ்டுக்குப் போ, இது இடது கை வளைவு." இது நான் இத்தன வருஷத்துல யோசிச்சதே இல்ல. நாம ரோட்டுக்கு இடது பக்கம் போறதால இடது பக்கம் திரும்புற கொண்டை ஊசில நமக்குக் கிடைக்கறது உள்வட்டம், சின்ன வட்டம், அதுல ஏத்தமும் செங்குத்தா இருக்கும். வலது பக்க வளைவு நமக்கு வெளிவட்டம், அகலமா வரும், ரெண்டாவது கியர்லயே இழுத்துடும். அதாவது ஒண்ணு விட்டு ஒண்ணு, ஃபஸ்ட், செகண்ட், ஃபஸ்ட், செகண்ட். தாளம் மாதிரி. இருபத்தஞ்சாவது வளைவுக்கு மேல எனக்கே அந்தத் தாளம் புடிபட்டுச்சு, போர்டு தெரிஞ்சதும் கால் தானா கிளட்சுக்குப் போகுது, லீவர் கீழ வருது, கிளட்ச விடும்போது இஞ்சின் ஒரு தடவ உறுமிட்டு அப்படியே புடிச்சு இழுக்குது பாருங்க, அந்த இழுவை முதுகுல வந்து தட்டும்போது வாய்விட்டு சிரிச்சுட்டேன். வேகம் என்னவோ முப்பதுக்குக் கீழதான். நாப்பது அம்பது பிஎச்பி வண்டிய முழுசாப் புழிஞ்சு ஓட்டுற சந்தோஷம் ஹைவேல 120ல போறப்ப எனக்கு வந்ததே இல்ல.

முப்பத்தெட்டாவது வளைவுல மாட்டினேன். இடது வளைவு, மேலேர்ந்து வர்ற பஸ்ஸ லேட்டா பாத்து பிரேக் அடிச்சேன், செகண்ட்லயே மறுபடி எடுக்கப் பாத்தேன், வண்டி ரெண்டு குதி குதிச்சு ஆஃப். பின்னாடி வாழைத்தார் ஏத்தப்போற டாடா ஏஸ் ஒட்டி நிக்குது. முன்னாடி அரசு பஸ். மலை ரோட்டுல ஏறுற வண்டிக்குத்தான் இறங்குற வண்டி வழி விடணும், அது சட்டத்துலயே இருக்கு, பஸ் டிரைவரும் நிறுத்திட்டு பொறுமையாத்தான் இருந்தாரு, ஆனா முழு பஸ்ஸும் ஜன்னல் வழியா என்னையே பாக்குது. கை வேர்த்துடுச்சு.

"ஒருத்தனும் ஓடிற மாட்டான், நிக்கட்டும். ஹேண்ட் பிரேக்க இழு. ஃபஸ்ட். கொஞ்சம் ரேஸ் குடு. இப்ப கிளட்ச மெதுவா... மெதுவா... ம்ம், சத்தம் எறங்குச்சா? மூக்கு தூக்குதா? அங்கயே நிறுத்து கால. இப்ப ஹேண்ட் பிரேக்க உடு."

ஒரு இஞ்ச் பின்னாடி போகல. பஸ் டிரைவர் கையத் தூக்கிக் காட்டிட்டுப் போனாரு. டிரைவிங் ஸ்கூல்ல இதெல்லாம் ஒருத்தரும் சொல்லித் தரல, அங்க எனக்குக் கத்துக் குடுத்தது எட்டு போடறதும் கைய வெளிய நீட்டறதும்தான்.

மேல சோளக்காடு வந்ததும் காத்தே மாறிடுச்சு. 1,000 மீட்டருக்கு மேல, ஆடிக் காத்து வேற. பலாப்பழ வாசம் சந்தைக்கு முன்னாடியே வந்துடும். செம்மேட்டுல ஓரி சிலைகிட்ட நிறுத்தினோம். ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, உடும்பு அஞ்சையும் அடிச்சான்னு சங்கப் பாட்டு சொல்லுது. பெரியப்பா சிலைய அண்ணாந்து பாத்துட்டு "நல்ல டைமிங்"னாரு. முடவாட்டுக்கால்ங்கற மலைக் கிழங்கு சூப் ஆளுக்கு ஒரு டம்ளர் குடிச்சோம், முட்டி வலிக்கு நல்லதுன்னு கடைக்காரம்மா சத்தியம் பண்ணாத குறை, என் இடது முட்டியப் பத்தி அந்தம்மாவுக்கு யார் சொன்னதுன்னு தெரியல. கோயில்ல கூட்டம் இல்ல, தரிசனம் திருப்தி. ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல இறங்கி ஏறணும், அவர் வேணாம்னுட்டாரு, எனக்கும் நிம்மதி.

திரும்பி நடந்து வர்றப்பதான் அவரோட பழைய லாரி கியர்பாக்ஸ் பத்தி சொன்னாரு. நம்ம கார்ல கியர் போடும்போது உள்ள ஒரு வளையம் ரெண்டு பக்கத்துச் சுத்தலையும் சமன் பண்ணி விடும், சின்க்ரோமெஷ்னு பேரு. அவர் ஆரம்பத்துல ஓட்டின லாரில அது கிடையாது. கியர் குறைக்கணும்னா கிளட்ச மிதிச்சு நியூட்ரலுக்கு வந்து, கால எடுத்து, ஒரு ரேஸ் குடுத்து, மறுபடி கிளட்ச மிதிச்சு கீழ் கியர் போடணும். டபுள் கிளட்ச். ரேஸ் கொஞ்சம் கூடினாலும் கொறஞ்சாலும் கரகரன்னு பல்லு கடிக்கும், ஏத்தத்துல நியூட்ரல்லயே மாட்டிக்கிட்டா அவ்வளவுதான். "மீட்டரப் பாத்தா போடுவோம்? இருட்டுல, மழைல, முழு லோடுல. எல்லாம் இதுதான்"னு காதத் தொட்டுக் காட்டினாரு. ஏறும்போது கண்ண மூடிக்கிட்டு எப்படி சரியா சொன்னாருன்னு அப்பதான் விளங்குச்சு.

இறக்கம் பத்தி கண்டிப்பா சொல்லணும். எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்குன்னு டிரைவர்கள் சொல்வாங்க. செகண்ட்ல போட்டு ஆக்சிலேட்டர விட்டுட்டா இஞ்சினே வண்டியப் புடிச்சு வைக்கும், பிரேக்க வளைவுக்கு முன்னாடி ஒரு தட்டு தட்டினா போதும். பாதி மலை இறங்கினப்ப ஒரு பெரிய டூரிஸ்ட் வண்டி ஓரமா நிக்குது, முன் சக்கரத்துலேர்ந்து புகை, லைனர் கருகின நாத்தம், ஒரு தம்பி தண்ணி பாட்டிலத் தொறந்துக்கிட்டு ஓடி வர்றான். பெரியப்பா ஜன்னல் வழியா கத்தினாரு, "தண்ணி ஊத்தாத தம்பி! தானா ஆறட்டும்!" கொதிக்கற டிஸ்க்ல பச்சத்தண்ணி பட்டா வளைஞ்சுடும், விரிசல் கூட விடும். அவங்க பெட்ரோல் மிச்சம் புடிக்க நியூட்ரல்ல இறங்கியிருக்காங்க. மிச்சமும் ஆகாதுங்கறதுதான் கொடுமை. இன்ஜெக்ஷன் வண்டில கியர்லயே கால எடுத்துட்டு இறங்கினா இஞ்சினுக்கு பெட்ரோல் போறதே நின்னுடும், சக்கரம்தான் இஞ்சினச் சுத்தும். நியூட்ரல்ல விட்டா இஞ்சின் அணையாம இருக்கவாவது பெட்ரோல் குடிக்கும். பத்து நிமிஷம் நின்னு அவங்களுக்கு இத விளக்கிட்டுத்தான் கிளம்பினோம், பெரியப்பாவுக்கு அதுல ஒரு தனி சந்தோஷம்.

ராத்திரி எட்டு மணிக்கு வீடு. வீட்டு வாசல் லேசான சரிவு, அதனால ஃபஸ்ட் கியர்லயே விட்டுட்டு இறங்கச் சொன்னாரு, ஹேண்ட் பிரேக்க மட்டும் நம்பக் கூடாதாம். சரிங்க பெரியப்பான்னு விட்டேன்.

மறுநாள் காலைல பஸ் ஸ்டாண்டுக்கு என்னை விட சித்தப்பா வரதா இருந்துச்சு, அதுக்குள்ள வண்டியத் தொடச்சு ஷெட்டுக்குள்ள விட்டுடலாம்னு உக்காந்தேன். ஹேண்ட் பிரேக்க எறக்கிட்டு சாவியத் திருப்பினேன். கிளட்ச் ஞாபகம் இல்ல. வண்டி தவளை மாதிரி ஒரு எம்பு எம்பி பெரியம்மாவோட செம்பருத்தித் தொட்டிய உடைச்சுட்டு நின்னுச்சு. உள்ளேர்ந்து பெரியம்மா சத்தம். திண்ணையில பெரியப்பா பேப்பர விட்டுத் தலையக் கூடத் தூக்கல.

"ஃபஸ்ட்ல கெடக்குது கண்ணு."