சாவி கைமாறும் நாள்

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்லடியிலும் கல்முனையிலும் வாடகை வீடு காலியாகும்போது வரும் சண்டை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் பொரிந்து கொட்டியிருக்கும். "தண்ணிய ஊத்திக் கழுவியே கெடுத்துப்போட்டீங்க" என்பார் வீட்டுக்காரர். "நாங்க வரக்குள்ளயே இப்படித்தான் இருந்திச்சி" என்பார் குடியிருந்தவர். எது உண்மை என்று காட்ட இருவரிடமும் ஒன்றும் இருக்காது.

கரையோர வீடுகளில் அந்தப் பொரிவு அநேகமாகக் குடியிருந்தவரின் வேலை அல்ல. அத்திவாரத்துக்கு மேல் தார்ப்படை போடாத பழைய சுவர் நிலத்து ஈரத்தை மேலே இழுக்கும். ஈரத்தோடு உப்பும் ஏறும். கடல் மண் கலந்து பூசிய சுவரென்றால் உப்பு உள்ளேயே இருக்கிறது. தண்ணீர் காய்ந்ததும் உப்பு மணியாகிப் பூச்சைத் தள்ளும். அதன்மேல் புதிதாகப் பெயின்ட் அடித்தாலும் அடுத்த மாரியில் மறுபடி வெடிக்கும். ஈரக் கோட்டுக்கு ஒரு அடி மேல்வரை பூச்சைக் கொத்தி எடுத்து, கோடையில் சுவரை நன்றாகக் காயவிட்டு, கழுவிய ஆற்று மணலால் திரும்பப் பூசுவதுதான் திருத்தம். தார்ப்படை இல்லாத சுவரில் அதுவும் சில வருடங்களுக்குத்தான் தாங்கும். இந்தச் செலவைக் குடியிருந்தவரின் காசில் கழிப்பது அநியாயம். கொங்கிரீட் தட்டில் கம்பி துருவேறி வெடிப்பதும் இதே கணக்குத்தான்.

ஆகவே உண்மையான சேதத்துக்குக் காசு பெற வேண்டுமென்றால், அதற்கான வேலை குடிவருபவரிடம் சாவி கொடுக்கும் நாளிலேயே நடக்க வேண்டும். அறை அறையாக ஒரு பட்டியலை இரண்டு பிரதிகளாக எழுதி, பக்கத்துக்குப் பக்கம் இருவரும் கையெழுத்து வைப்பது நல்லது. ஏற்கெனவே உள்ள கீறல், உடைந்த மாபிள், இறுகிய யன்னல், பொரிந்த சுவர் எல்லாமே அதில் வரட்டும். குறைகளை வீட்டுக்காரரே முந்திக்கொண்டு எழுதினால் பட்டியலில் மற்றவருக்கும் நம்பிக்கை பிறக்கும். ஒவ்வொரு குறைக்கும் தூரத்திலிருந்து ஒரு படம், ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துக் கிட்டத்தில் ஒரு படம் எடுக்கலாம். பைப் திறந்து தண்ணீர் ஓடுவதையும் ஒவ்வொரு சுவிட்ச் போடுவதையும் வீடியோ எடுத்து, அன்றைக்கே இருவர் போனிலும் இருக்கும்படி அனுப்பிவிட வேண்டும். கரண்ட் மீட்டர், தண்ணீர் மீட்டர் வாசிப்பையும் மறக்கக்கூடாது. எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு அரை மணித்தியாலம் தண்ணீர் மீட்டரைப் பார்த்தால் ஒளிந்திருக்கும் ஒழுக்குத் தெரிந்துவிடும். கழிவறைச் சிஸ்டனில் கொஞ்சம் நீலச் சாயம் விட்டு, கால் மணித்தியாலம் தண்ணீர் அடிக்காமல் பார்த்தால் கோப்பையில் நிறம் இறங்குகிறதா என்று காணலாம். இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பரை மாற்ற வேண்டும்.

ஆனால் பட்டியல் மட்டும் போதாது. வாடகை வீட்டில் பெரிய செலவைக் கொண்டுவருவது கவனக்குறைவை விட மௌனம்தான். சிங்குக்குக் கீழே ஒரு நட் தளர்ந்து சொட்டத் தொடங்கும். சொன்னால் அட்வான்சில் கழிப்பார்கள் என்று பயந்து கீழே ஒரு கோப்பையை வைத்துவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை ஆறு மாதத்தில் பென்ட்ரி கபட்டையே ஊத வைத்துவிடும். ஊதிய அமுக்குப் பலகையைத் திருத்த வழியில்லை, கழற்றி எறிவதுதான். எனவே ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும்: இரண்டு நாளுக்குள் அறிவித்த ஒழுக்கு வீட்டுக்காரர் செலவு, அறிவிக்காமல் விட்டதால் கூடிய சேதம் குடியிருப்பவர் செலவு. அறிவித்தவரிடம் முகம் சுளிக்காமல் அடுத்த நாளே ஆள் அனுப்புவது அந்த வரியை விட முக்கியம். ஒருமுறை ஏச்சு வாங்கியவர் மறுமுறை வாய் திறக்கமாட்டார்.

தண்ணீர் மோட்டர் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். ஆவணி, புரட்டாதியில் கிணறு இறங்கும்போது மோட்டர் காற்றை இழுத்து வெறுமையாக ஓடும். சீல் உருகும், பிறகு சுருள் எரியும். 'நீ எரித்தாய்' என்று சண்டை பிடிப்பதற்குப் பதிலாக, கிணற்றில் ஒன்றும் டாங்கியில் ஒன்றுமாக மிதவைச் சுவிட்ச் போட்டுவிடலாம். எரிந்த மோட்டரைத் திரும்பச் சுற்றும் கூலியோடு பார்த்தால் அது சின்னக் காசு.

கரண்டில் கவனிக்க வேண்டியது, மின் கசிவு வந்தால் கரண்டைத் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச். அடிக்கடி விழுகிறதென்று யாராவது அதைத் தாண்டி வயர் கொடுத்துவிடுவதுண்டு. இதில் உயிர் போகும். வந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதன் சோதனைப் பொத்தானை அமத்திப் பார்க்க வேண்டும். குசினியில் ஒரே பிளக்கில் கேத்தல், ரைஸ் குக்கர், பிரிட்ஜ் எல்லாம் தொங்கினால் பிளக் கருகத்தான் செய்யும். நான்கு 13 அம்பியர் பிளக்காவது அங்கே இருக்க வேண்டும். ஆணியும் அப்படித்தான். யன்னல் சீலைக் கம்பியும் அறைக்கு இரண்டு கொளுக்கியும் முன்கூட்டியே பூட்டியிருந்தால் கொங்கிரீட் ஆணி அடிக்கும் தேவை வராது. டிஷ் பூட்டக் கூரையில் ஏறி ஓடு உடைவதைத் தடுக்கச் சுவரில் ஒரு கம்பத்தை நட்டுக் கொடுத்துவிடலாம்.

பல்கலைக்கழகங்கள் இருக்கும் வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் மாணவர்களுக்கு வீடு கொடுப்பவர்கள் ஆள் எண்ணிக்கையை எழுதியே ஆக வேண்டும். நான்கு பேருக்குக் கட்டிய மலக்குழியை எட்டுப் பேர் பாவித்தால், மாரியில் நிலத்தடி நீர் ஏறியதும் அது நிரம்பித் திரும்பும்.

காசு விஷயத்தில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில். ஆறு மாதமோ ஒரு வருடமோ அட்வான்ஸ் வாங்குவார்கள். கடைசி மாதங்களில் குடியிருப்பவர் 'அட்வான்சில் கழியுங்க' என்று சொல்லி வாடகையை நிறுத்துவார். அவர் போகும்போது சேதத்துக்குக் கழிக்க வீட்டுக்காரர் கையில் ஒரு சதமும் இருக்காது. வாடகையில் கழியும் அட்வான்ஸ் வேறு, சேதத்துக்கான வைப்புப் பணம் வேறு என்று ஒப்பந்தத்தில் இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டி எழுதியதை நம்பி நீதிமன்றம் போகக்கூடாது. நம் பக்கத்தில் வீடு அநேகமாகப் பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதப்பட்டிருக்கும், ஆனால் ஒப்பமிடுவது தகப்பனாகவோ கணவராகவோ இருக்கும். காணி உறுதியில் பெயர் உள்ளவரே ஒப்பமிட வேண்டும். அவர் வெளிநாட்டில் என்றால் இங்கே ஒப்பமிடுபவரிடம் அற்றோணித் தத்துவம், அதாவது அவர் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம், இருக்க வேண்டும்.

பார்வையிடுவதை ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, தையில் ஒருமுறை என்று வைத்தால் பெரும்பாலும் போதும். இரண்டு நாளுக்கு முன் சொல்லி, வீட்டு ஆம்பிளையும் பொம்பிளையும் இருக்கும் நேரத்தில் போவதுதான் மரியாதை. போனதும் 'என்ன உடைத்தீர்கள்' என்று பார்க்காமல், 'என்ன பழுது இருக்கு' என்று கேட்க வேண்டும்.

சேதத்துக்குக் காசு கழிக்கும்போது பொருளின் வயதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு அறைக்குப் பெயின்ட் அடிக்க 40,000 ரூபா, அது நான்கு வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அடித்து மூன்று வருடம் ஆன சுவரைப் பிள்ளைகள் கிறுக்கியிருந்தால் கேட்கக்கூடியது 10,000 தான். முழுத் தொகையைக் கேட்பவர் புதுப் பெயின்டை இனாமாக எடுக்கிறார்.

போவதற்கு இரண்டு கிழமைக்கு முன் பட்டியலோடு ஒருமுறை சேர்ந்து நடந்தால், சின்னக் குறைகளைக் குடியிருப்பவரே தனக்குத் தெரிந்த மேசனைப் பிடித்துத் திருத்திவிடுவார். அவருக்கும் செலவு குறையும். சாவி வாங்கும் நாளில் மீட்டரைப் படமெடுத்து, கடைசிப் பில்லுக்கு மட்டும் ஒரு தொகையை வைத்துக்கொண்டு மீதியை அப்போதே எண்ணிக் கொடுத்துவிட வேண்டும். பில் வந்ததும் அதன் படத்தையும் மிச்சக் காசையும் அனுப்பி வைக்கலாம்.